நான்-கான்ஃபரன்ஸ்ல பெரிய டீமோட மோதுறது பிளேஆஃபுக்கு லாபமா நஷ்டமா?

கொலம்பஸ் குமரன் | ஜனவரி 24, இரவு 9:40

2025 அமெரிக்க காலேஜ் ஃபுட்பால் சீசன் முடிஞ்சு அஞ்சு நாள் ஆச்சு. இண்டியானா 16-0, அதாவது 16 வெற்றி, தோல்வியே இல்லை. மியாமியை 27-21-னு ஜெயிச்சு கோப்பையைத் தூக்கிட்டாங்க. அவங்க ஊரான புளூமிங்டன் நண்பர்களுக்கு மனசார வாழ்த்துகள். ஆனா எனக்கு இந்த சீசன்ல மறக்க முடியாதது ஆகஸ்ட் 30 மதியம்தான்.

நம்பர் 1 ரேங்க்கோட டெக்ஸஸ் எங்க ஒஹாயோ ஸ்டேட்டோட ஆட எங்க ஊர் கொலம்பஸுக்கு வந்தாங்க. மூணாவது குவார்ட்டர்ல ஒரு யார்டு லைன்ல அவங்களுக்கு நாலாவது டவுன், அதாவது கடைசி முயற்சி. அவங்க குவார்ட்டர்பேக் ஆர்ச் மேனிங் பந்தை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நடுவுல புகுந்தார். எங்க பசங்க ஒரு அங்குலம் விடலை. நான் மேல் அடுக்குல நின்னேன், கான்கிரீட் அதிர்றது செருப்பு வழியா பாதத்துக்குத் தெரிஞ்சது. பக்கத்து சீட்டுப் பெரியவர், முன்பின் தெரியாதவர், என் தோளைப் பிடிச்சவர் பந்து மறுபடி ஆட்டத்துக்கு வர்ற வரைக்கும் விடலை. கடைசியில 14-7.

சரி, அந்த மேட்ச்சால டெக்ஸஸுக்கு என்ன கிடைச்சது? வருஷக் கடைசியில 9-3, 13-ஆவது இடம், கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுல இடம் இல்லை. கோச் சார்கீசியன் அப்போ வச்ச வாதம் இதுதான்: ஒஹாயோ ஸ்டேட்டுக்குப் பதிலா ஏதாவது சின்ன டீமைக் கூப்பிட்டு ஆடியிருந்தா 10-2-னு நின்னிருப்போம், உள்ளே போயிருப்போம்.

அவர் சொல்றது சரின்னா, இனிமே காலேஜ் விளையாட்டுத் துறையை நடத்துற எந்த அத்லெடிக் டைரக்டரும் இப்படி ஒரு மேட்ச்சுக்குக் கையெழுத்துப் போட மாட்டார். ஆகஸ்ட் கடைசியில எனக்கு மிஞ்சுறது 60-3 மேட்ச்தான். அது நடந்துடக் கூடாதேங்கிற பயத்துலதான் இந்த இழையை ஆரம்பிக்கிறேன். பிளேஆஃப் டீம்களைத் தேர்ந்தெடுக்கிற கமிட்டி உண்மையிலேயே பெரிய மேட்ச் ஆடுறவங்களைத் தண்டிக்குதா? இல்லை நாமதான் அப்படி நினைச்சுக்கிறோமா?

---

புதுசு நவீன் | ஜனவரி 24, இரவு 10:05

குமரன் அண்ணா, நான் இந்த வருஷம்தான் பார்க்க ஆரம்பிச்சேன். நான்-கான்ஃபரன்ஸ்னா என்ன, யார் அதை முடிவு பண்றாங்கன்னு கொஞ்சம் சொல்லுங்க. லீக் ஆபீஸ் அட்டவணை போடாதா?

---

கொலம்பஸ் குமரன் | ஜனவரி 24, இரவு 10:31

தம்பி நவீன், குழப்பமே அங்கதான் ஆரம்பிக்குது. மேல் பிரிவுல மட்டும் 136 காலேஜ். ரெகுலர் சீசன்ல ஒவ்வொருத்தருக்கும் 12 மேட்ச். அதுல எட்டோ ஒன்பதோ சொந்த கான்ஃபரன்ஸுக்குள்ள, அதை கான்ஃபரன்ஸ் போட்டுக் கொடுக்கும். மீதி மூணு நாலு மேட்ச்சை ஒவ்வொரு காலேஜும் தானா பேசி, ஒப்பந்தம் எழுதி வச்சுக்கணும். அதுதான் நான்-கான்ஃபரன்ஸ்.

பெரிய டீம்கள் ஒருத்தரோட ஒருத்தர் ஆடினா, ஒரு வருஷம் உங்க ஊர், அடுத்த முறை எங்க ஊர்னு ரெட்டையா எழுதுவாங்க. அதுவும் பல வருஷம் முன்னாடியே. கையெழுத்துப் போடும்போது எதிராளி எப்படி இருந்தாங்களோ, ஆடும்போது அப்படி இருப்பாங்கன்னு எந்த நிச்சயமும் இல்லை.

எல்லாரும் எல்லாரோடயும் ஆட வழியே இல்லாததால, கடைசியில 13 பேர் கொண்ட கமிட்டி உட்கார்ந்து ரேங்க் போடுது. 2014-லிருந்து 4 டீம் உள்ளே போச்சு. 2024-லிருந்து 12. 2024, 2025 ரெண்டு சீசன்லயும் கான்ஃபரன்ஸ் சாம்பியன்கள்ல ரேங்க்கில முன்னாடி இருந்த அஞ்சு பேருக்கு இடம் உறுதியா இருந்தது. மீதி ஏழு இடத்துக்குத்தான் அடிதடி. ஒரு கான்ஃபரன்ஸ் டீமை இன்னொரு கான்ஃபரன்ஸ் டீமோட ஒப்பிட கமிட்டிக்கு நேரடியா கிடைக்கிற சாட்சி இந்த மூணு நாலு மேட்ச்தான். அதனாலதான் இதுக்கு இவ்வளவு கனம்.

---

ஆஸ்டின் அருள் | ஜனவரி 24, இரவு 11:12

நான் டெக்ஸஸ் ஆளு. எங்க கோச்சை விட்டுக்கொடுக்க மனசு வரலை, ஆனா உண்மையைச் சொல்லணும். எங்களைக் கெடுத்தது கொலம்பஸ் இல்லை, கெய்ன்ஸ்வில். ஃப்ளோரிடாகிட்ட 29-21-னு தோத்தோம். அந்த ஃப்ளோரிடா 4-8-ல முடிச்ச டீம். அப்புறம் ஜார்ஜியா தங்க ஊர் ஏதென்ஸ்ல எங்களை 35-10-னு அடிச்சாங்க. இந்த ரெண்டுல ஒண்ணை ஜெயிச்சிருந்தாலே 10-2. ஒஹாயோ ஸ்டேட்டைப் பழி சொல்லவே வேண்டியிருந்திருக்காது.

இன்னொண்ணும் இருக்கு. 10-2 இருந்தா உள்ளேன்னு எப்படிச் சொல்றது? வாண்டர்பில்ட் 10-2, அவங்க 14. நாங்க 9-3, 13. ஒரு தோல்வி கூடுதலா இருந்தும் நாங்கதான் மேல. அவங்களை 34-31-னு நாங்க ஜெயிச்சதும் ஒரு காரணம், ஒத்துக்கிறேன். ஆனா கமிட்டி தோல்வியை மட்டும் எண்ணுதுன்னா இந்த வரிசை வந்திருக்காது.

---

சவுத் பெண்ட் செல்வி | ஜனவரி 25, காலை 7:20

ராத்திரி தூங்காம இதைப் படிச்சேன். எங்க வீட்ல பிளேஆஃப் டீம்களை அறிவிச்ச டிசம்பர் 7-க்கு அப்புறம் ஃபுட்பால் பேச்சே கிடையாது.

நோட்ரே டேம் எந்த கான்ஃபரன்ஸிலும் இல்லை. அதனால எங்களுக்கு 12 மேட்ச்சும் நான்-கான்ஃபரன்ஸ்தான். போன சீசன்ல முதல் ரெண்டே மேட்ச்ல எங்க கதை முடிஞ்சது: ஆகஸ்ட் 31 மியாமிகிட்ட 27-24, செப்டம்பர் 13 டெக்ஸஸ் ஏ&எம்கிட்ட 41-40. ரெண்டும் சேர்த்து நாலே பாயிண்ட். அதுக்கப்புறம் தொடர்ந்து பத்து வெற்றி. ஆனாலும் வெளியே.

அந்த ஏ&எம் மேட்ச் நேர்ல பார்த்தேன். மூணு நிமிஷம் கூட மிச்சமில்லாதப்போ டச்டவுன் போட்டு 40-34 ஆனோம். அடுத்து எக்ஸ்ட்ரா பாயிண்ட், டச்டவுனுக்கு அப்புறம் ஒரு பாயிண்டுக்காகப் பந்தை உதைக்கிறது. அதை யாருமே கவனிச்சுப் பார்க்க மாட்டாங்க, அது எப்பவும் போயிடும். பந்தை வாங்கி நிறுத்த வேண்டியவர் கையில அது நிக்கலை, நழுவிடுச்சு. என் வீட்டுக்காரர் மட்டும், "இது நல்லதுக்கில்லை"ன்னார். 13 செகண்ட் இருக்கும்போது நாலாவது டவுன்ல அவங்க டச்டவுன் போட்டாங்க. அவங்க எக்ஸ்ட்ரா பாயிண்ட் சரியாப் போச்சு. 41-40. டிசம்பர் வரைக்கும் அந்த ஒரு பாயிண்ட் எங்க கூடவே வந்தது.

குமரன், நீங்க கேட்டதுக்கு என் பதில் ரெண்டு பக்கமும் இருக்கு. 2024-ஐ நினைச்சுப் பாருங்க. இதே ஏ&எம்மை அவங்க ஊர்லயே 23-13-னு ஜெயிச்சோம். அடுத்த வாரமே எங்க ஊர்ல நார்தர்ன் இல்லினாய்கிட்ட 16-14-னு தோத்தோம். 31 செகண்ட் இருக்கும்போது அவங்க 35 யார்டு தூரத்திலிருந்து பந்தை உதைச்சு ஃபீல்ட் கோல் போட்டாங்க. கடைசியா நாங்க அடிச்ச ஃபீல்ட் கோலையும் தடுத்துட்டாங்க. அப்படி ஒரு தோல்விக்கு அப்புறமும் ஏழாவது சீடா, அதாவது பிளேஆஃப் வரிசையில ஏழாவதா, உள்ளே போய் இறுதி ஆட்டம் வரை வந்தோம். ஏ&எம் மேட்ச் கையில இல்லைன்னா அந்த டிசம்பர் எப்படி இருந்திருக்கும்னு நினைக்கவே பயமா இருக்கு.

ஒரு வருஷம் எங்களைக் கரையேத்தின எதிராளி அடுத்த வருஷம் மூழ்கடிச்சாங்க. மேட்ச் வச்சது தப்புன்னு இன்னிக்கும் என்னால சொல்ல முடியலை.

---

புளூமிங்டன் ராஜா | ஜனவரி 25, காலை 9:48

வாழ்த்துக்கு நன்றி குமரன். இன்னும் கனவு மாதிரிதான் இருக்கு.

ஆனா இந்த இழையில எங்களைப் பத்தி யாராவது பேசுறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். எங்க நான்-கான்ஃபரன்ஸ் எதிராளிகள் ஓல்ட் டொமினியன், கென்னசா ஸ்டேட், இண்டியானா ஸ்டேட். கடைசி மேட்ச் 73-0. 2024-லயும் அப்படித்தான், எஃப்ஐயூ, வெஸ்டர்ன் இல்லினாய், ஷார்லட். லூயிவில்லோட, வர்ஜீனியாவோட இருந்த ஒப்பந்தங்களையும் எங்க காலேஜ் விலக்கிக்கிச்சு. போன ஜூலையில கோச் சிக்னெட்டிகிட்ட இதைக் கேட்டப்போ, எஸ்இசி கான்ஃபரன்ஸ் காலேஜுங்க போடுற மாதிரியே நாங்களும் போட்டுக்கறோம்னு நேராவே சொன்னார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். எஸ்இசியில 2025 வரைக்கும் எட்டு கான்ஃபரன்ஸ் மேட்ச், நவம்பர்ல ஒரு சின்ன டீமோட ஓய்வு மாதிரி ஒரு மேட்ச். 2017-ல அலபாமா மெர்சரோட ஆடினது நவம்பர்லதான். கான்ஃபரன்ஸ் சாம்பியன்ஷிப்பே ஆடாம அந்த வருஷம் உள்ளே போய் கோப்பையும் ஜெயிச்சாங்க. எங்க கான்ஃபரன்ஸான பிக் டென்ல ஒன்பது மேட்ச். யூஜீன் போய் ஓரிகனை 30-20, இண்டியானாபொலிஸ்ல ஒஹாயோ ஸ்டேட்டை 13-10. இதுக்கு மேல செப்டம்பர்ல வேற போய் யாரோட மோதணும்?

இது இன்னிக்கு வந்த பழக்கமும் இல்லை. 2016-ல வாஷிங்டன் ரட்கர்ஸ், ஐடஹோ, போர்ட்லண்ட் ஸ்டேட்னு ஆடி 12-1-ல நாலாவதா உள்ளே போனாங்க.

---

கொலம்பஸ் குமரன் | ஜனவரி 25, காலை 10:30

ராஜா, 2016-ஐ நீங்களே எடுத்துட்டீங்க, அதையே முழுசாப் பார்ப்போம். அந்த வருஷம் பிக் டென் சாம்பியன் பென் ஸ்டேட். எங்களை 24-21-னு ஜெயிச்சவங்க. ஆனா உள்ளே போனது நாங்க. ஏன்? அவங்க செப்டம்பர்ல பிட்கிட்ட 42-39-னு தோத்திருந்தாங்க. நாங்க ஓக்லஹோமா ஊருக்கே போய் 45-24-னு ஜெயிச்சிருந்தோம். அவங்களுக்கு மிச்சிகன்கிட்ட வாங்கின 49-10 தோல்வியும் இருந்தது, அதை மறைக்கலை. ஆனா 11-1-க்கும் 11-2-க்கும் நடுவுல நின்னது அந்த பிட் மேட்ச்தான்.

அடுத்த வருஷம் ஓக்லஹோமா திருப்பி எங்க ஊருக்கு வந்து 31-16-னு அடிச்சுட்டுப் போனாங்க. 2017-ல நாங்க 11-2, கான்ஃபரன்ஸ் சாம்பியன். 11-1 அலபாமாவுக்கு இடம் கொடுத்து எங்களை வெளியே நிறுத்தினாங்க. அயோவா போட்ட 55-24-ம் சேர்ந்துதான் எங்களைக் கவிழ்த்தது. செல்விக்கு ஏ&எம் எப்படியோ எங்களுக்கு ஓக்லஹோமா அப்படி.

இப்ப எனக்குத் தோணுறது இது. பெரிய மேட்ச்ல ஜெயிச்சா கிடைக்கிற லாபம், தோத்தா வர்ற நஷ்டத்தை விடப் பெரிசு. ஆனா நஷ்டம் வந்தா அது யாரால வந்ததுன்னு எல்லாருக்கும் தெரியும். ஒப்பந்தம் போட்ட அத்லெடிக் டைரக்டர் பேர் டிவியில வரும். எளிசான மேட்ச் வச்சதால ஒரு டீம் வெளியே போச்சுன்னா அவரை யாரும் கேட்க மாட்டாங்க. ரத்து பண்றவங்க கணக்கு தெரியாம பண்ணலை. அவங்க போடுறது தங்கள் நாற்காலிக்கான கணக்கு.

---

ஒர்லாண்டோ பிரியா | ஜனவரி 25, மதியம் 1:15

இதுவரைக்கும் பேசினவங்க எல்லாரும் பெரிய வீட்டுப் பிள்ளைங்க. யாரோட ஆடலாம்னு தேர்ந்தெடுக்கிற வசதி உங்களுக்கு இருக்கு. எங்க நிலைமையையும் கேளுங்க.

நான் யூசிஎஃப்ல படிச்சவள். 2017-ல நாங்க ஒரு மேட்ச் கூடத் தோற்கலை. கமிட்டி எங்களுக்குக் கொடுத்த இடம் 12. பலமான எதிராளி இல்லைன்னு காரணம். அந்த செப்டம்பர்ல எங்க ஊருக்கு ஜார்ஜியா டெக் வர வேண்டியிருந்தது. இர்மா புயல் வந்து மேட்ச் ரத்தாச்சு. வீட்டு ஜன்னல்ல பலகை அடிச்சு உட்கார்ந்திருந்த வாரம் அது, ஃபுட்பால் நினைப்பே யாருக்கும் இல்லை. டிசம்பர்லதான் உறைச்சது, எங்க ஷெட்யூல்ல இருந்த பெரிய பேர்ல ஒண்ணு காத்தோட போயிடுச்சுன்னு. மேரிலண்டை அவங்க ஊர்ல 38-10-னு ஜெயிச்சோம், அது போதலை. சீசன் முடிவுல நடக்கிற பீச் பௌல் மேட்ச்ல ஆபர்னை 34-27-னு ஜெயிச்சோம். அந்த ஆபர்ன், அந்த சீசன்ல இறுதி ஆட்டம் ஆடின அலபாமா, ஜார்ஜியா ரெண்டு பேரையும் தோக்கடிச்ச டீம். 2018-லயும் ரெகுலர் சீசனைத் தோல்வியில்லாம முடிச்சோம். நார்த் கரோலினாவோட இருந்த மேட்ச்சை ஃப்ளோரன்ஸ் புயல் கொண்டுபோச்சு. ரெண்டு வருஷம், ரெண்டு புயல்.

2021-ல சின்சினாட்டி உள்ளே போனதுக்குக் காரணம் அக்டோபர் 2-ல சவுத் பெண்ட்ல நோட்ரே டேமை 24-13-னு ஜெயிச்சதுதான். செல்வி, மன்னிச்சுக்கோங்க. நாலே இடம் இருந்த காலத்துல பெரிய கான்ஃபரன்ஸுக்கு வெளியே இருந்து ஒரே ஒரு டீம் உள்ளே போச்சுன்னா, அது அந்த ஒரு மதியத்தால. நோட்ரே டேம் அந்த மேட்ச்சை வைக்காம இருந்திருந்தா? 13-0 இருந்தும் எங்களை மாதிரியே வெளியே நின்னிருப்பாங்க.

அதனால "பெரிய மேட்ச் வேண்டாம்"னு ஒருத்தர் முடிவு பண்ணும்போது அது அவங்க ஒருத்தர் முடிவா நிக்கிறதில்லை. சின்ன கான்ஃபரன்ஸ் டீமுக்கு இருக்கிற ஒரே கதவை அவங்க சாத்துறாங்க.

---

சவுத் பெண்ட் செல்வி | ஜனவரி 25, மதியம் 2:02

பிரியா, மன்னிப்பெல்லாம் எதுக்கு. அந்த மேட்ச்சும் நேர்ல பார்த்தேன், சின்சினாட்டி எல்லா விதத்துலயும் எங்களை விட நல்லா ஆடினாங்க. நாங்க 11-1-ல அஞ்சாவதா வெளியே நின்னோம், அவங்க நாலாவதா உள்ளே. அவங்களுக்கு அந்த இடம் கிடைச்சது நியாயம்.

---

புதுசு நவீன் | ஜனவரி 25, மதியம் 3:40

நார்தர்ன் இல்லினாய் மாதிரி டீம் நோட்ரே டேம் ஊருக்கு ஏன் வர்றாங்க? திரும்ப நோட்ரே டேம் அவங்க ஊருக்குப் போவாங்களா?

---

ஒர்லாண்டோ பிரியா | ஜனவரி 25, மாலை 4:11

போக மாட்டாங்க நவீன். அது பணத்துக்கு ஆடுற மேட்ச். நார்தர்ன் இல்லினாய்க்கு அந்த ஒரு மேட்ச்சுக்கு 14 லட்சம் டாலர். 2007-ல அப்பலாச்சியன் ஸ்டேட் மிச்சிகன் போய் 34-32-னு ஜெயிச்சாங்களே, அப்போ அவங்களுக்குக் கிடைச்சது 4 லட்சம். 2022-ல அதே அப்பலாச்சியன் ஸ்டேட்டுக்கு டெக்ஸஸ் ஏ&எம் 15 லட்சம் கொடுத்தாங்க, 17-14-னு தோத்தும் போனாங்க.

சின்ன காலேஜுக்கு இந்தப் பணம் ரொம்பப் பெரிசு. ஃபுட்பாலைத் தவிர நீச்சல், ஓட்டம், பொண்ணுங்க சாக்கர்னு பல டீமோட செலவு இதுல ஓடும். பெரிய காலேஜுக்கு சொந்த ஊர்ல இன்னொரு மேட்ச், டிக்கெட், பார்க்கிங், கடை வருமானம், கூட ஒரு வெற்றி. அதனால எளிசான மேட்ச்சைத் தேடுறதுக்குப் பிளேஆஃப் மட்டும் காரணம் இல்லை.

---

ஆஸ்டின் அருள் | ஜனவரி 25, இரவு 8:25

இந்த இழையில இதுவரைக்கும் வராத ஒரு மேட்ச்: 2024 செப்டம்பர், பாய்ஸி ஸ்டேட் ஓரிகன் ஊருக்குப் போய் 37-34-னு தோத்தாங்க, கடைசி நொடி ஃபீல்ட் கோல். அந்த ஓரிகன் ரெகுலர் சீசன் முழுக்கத் தோற்கவே இல்லை. பாய்ஸிக்கு அது ஒரே தோல்வி. 12-1-ல மூணாவது சீட், முதல் சுற்று ஆடாமலே அடுத்த சுற்று. ஜெயிக்காமலே லாபம் கிடைச்ச மேட்ச் அது. "இவங்க ஓரிகனோட கடைசி நொடி வரைக்கும் நின்னவங்க"ன்னு டிசம்பர் வரைக்கும் எல்லார் வாயிலும் அதுதான்.

அதே தராசுல எங்களை வச்சா நம்பர் 3 ஒஹாயோ ஸ்டேட்கிட்ட அவங்க ஊர்ல ஏழு பாயிண்ட்ல தோத்ததுக்கும் ஏதாவது கொடுத்திருக்கணும். போன ஆகஸ்ட்ல பிளேஆஃப்காரங்களே அறிவிச்சாங்க: பலமான டீமை ஜெயிச்சா கூடுதல் மதிப்பு, பலமான டீம்கிட்ட தோத்தா தண்டனை குறைவு, எளிசான டீமை ஜெயிச்சா மதிப்பு குறைவு. அதுக்குன்னு புதுசா ஒரு அளவுகோலும் கொண்டு வந்தாங்க.

அது நடைமுறையில வேலை செய்யுதான்னு அலபாமாவைப் பார்த்துச் சொல்லுங்க. முதல் மேட்ச்லயே ஃப்ளோரிடா ஸ்டேட்கிட்ட 31-17. அந்த ஃப்ளோரிடா ஸ்டேட் 5-7-ல முடிச்சாங்க. ரொம்ப மோசமான நான்-கான்ஃபரன்ஸ் தோல்வி. கான்ஃபரன்ஸ் சாம்பியன்ஷிப்லயும் ஜார்ஜியாகிட்ட 28-7. இருந்தும் 10-3-ல ஒன்பதாவது சீடா உள்ளே. ஏன்னா செப்டம்பர்ல ஏதென்ஸ் போய் ஜார்ஜியாவை 24-21-னு ஜெயிச்சிருந்தாங்க.

---

கொலம்பஸ் குமரன் | ஜனவரி 25, இரவு 9:17

அருள், அலபாமாவை விட நல்ல சாட்சி மியாமி. லூயிவில்கிட்டயும் எஸ்எம்யூகிட்டயும் தோத்து, தங்க கான்ஃபரன்ஸான ஏசிசியோட சாம்பியன்ஷிப் மேட்ச்சுக்கே போகாத டீம். வாரா வாரம் வந்த ரேங்க்கிங்ல நோட்ரே டேமுக்குக் கீழேதான் இருந்தாங்க. நடுவுல பிஒய்யூ இருந்தது. கடைசி வாரம் பிஒய்யூ டெக்ஸஸ் டெக்கிட்ட 34-7-னு தோத்து இறங்கினதும் மியாமியும் நோட்ரே டேமும் பக்கத்துப் பக்கத்துல வந்தாங்க. ரெண்டு பேரும் 10-2. அப்போதான் ஆகஸ்ட் 31-ஐ எடுத்து மேசை மேல வச்சாங்க. 27-24. மியாமி பத்து, நோட்ரே டேம் பதினொண்ணு.

அந்த மியாமி ஏ&எம்மை 10-3, எங்களை 24-14, ஓல் மிஸ்ஸை 31-27-னு ஜெயிச்சு இறுதி ஆட்டம் வரைக்கும் வந்தது. மூணு பாயிண்ட் மேட்ச் ஒண்ணு, அதுவும் நான்-கான்ஃபரன்ஸ்ல. அது இல்லைன்னா இறுதி ஆட்டத்துல இண்டியானாவுக்கு எதிரே வேற யாரோ.

---

சவுத் பெண்ட் செல்வி | ஜனவரி 25, இரவு 9:50

நேர்ல மோதினதை வச்சுத் தீர்ப்பு சொல்றதுல எனக்கு வருத்தமில்லை. அந்த மேட்ச் ஆகஸ்ட்லயே நடந்து முடிஞ்சது. அதுக்கப்புறம் அஞ்சு வாரம் எங்களை மேல வச்சுட்டு, ரெண்டு டீமும் ஆடாத வாரத்துல மாத்தினாங்க. அதுதான் வலிச்சது. பசங்களுக்கும் வலிச்சிருக்கும், பௌல் மேட்ச்சே வேண்டாம்னுட்டாங்க.

---

புளூமிங்டன் ராஜா | ஜனவரி 25, இரவு 10:22

செல்வி சொல்றது நியாயம். ரேங்க்கிங்கை நவம்பர்லயே வாரா வாரம் வெளியிடறதே தேவையில்லைன்னு எனக்கு ரொம்ப நாளா எண்ணம்.

ஒரு விஷயம் சேர்க்கறேன். எளிசான ஷெட்யூல் போட்டா அது காப்பாத்தும்னும் சொல்ல முடியாது. 2014 பெய்லர். எஸ்எம்யூ, நார்த்வெஸ்டர்ன் ஸ்டேட், பஃபலோ, அவ்வளவுதான் அவங்க நான்-கான்ஃபரன்ஸ். டிசியூவை 61-58-னு ஜெயிச்சு 11-1. கடைசி வாரம் வரைக்கும் மூணாவதா இருந்த டிசியூ அயோவா ஸ்டேட்டை 55-3-னு அடிச்சும் ஆறுக்கு இறங்கினாங்க. பெய்லர் அஞ்சு. நாலாவது இடம் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு. அவங்க செப்டம்பர்ல வர்ஜீனியா டெக்கிட்ட சொந்த ஊர்லயே 35-21-னு தோத்திருந்தாங்க. ஆனா விஸ்கான்சினை 59-0. பெய்லரோட ஷெட்யூலைத்தான் அப்போ எல்லாரும் குத்திக் காட்டினாங்க.

---

கொலம்பஸ் குமரன் | ஜனவரி 25, இரவு 10:40

அந்த வருஷம் நாங்க கோப்பையும் ஜெயிச்சோம். வர்ஜீனியா டெக் மேட்ச் முடிஞ்சு ஹை ஸ்ட்ரீட்ல நடந்து வரும்போது ஒருத்தர் வாயிலிருந்தும் பேச்சு வரலை. சீசனே முடிஞ்சதுன்னுதான் நினைச்சோம்.

---

ஒர்லாண்டோ பிரியா | ஜனவரி 26, காலை 8:05

டியூக்கை மறந்துட்டீங்க எல்லாரும். இந்த சீசன்ல ஏசிசி சாம்பியனே அவங்கதான், வர்ஜீனியாவை ஓவர்டைம்ல 27-20. பெரிய கான்ஃபரன்ஸ் சாம்பியன் பிளேஆஃப்ல இல்லை. காரணம் நான்-கான்ஃபரன்ஸ்ல மூணு தோல்வி: இல்லினாய் 45-19, டுலேன் 34-27, யூகான் 37-34. அவங்க 8-5, அதனால அஞ்சாவது சாம்பியன் இடம் ஜேம்ஸ் மேடிசனுக்குப் போச்சு. டியூக்கைத் தோக்கடிச்ச டுலேனும் உள்ளே. நார்த்வெஸ்டர்னை ஜெயிச்சதும் அவங்க கணக்குல இருந்தது.

ரெண்டு டீமும் முதல் சுற்றுலயே பெரிசாத் தோத்தாங்க, டுலேன் 41-10, ஜேம்ஸ் மேடிசன் 51-34. உடனே "இவங்களை ஏன் விடணும்"னு கூச்சல். டுலேனைப் பத்தி இந்தக் கேள்விக்குப் பதில் செப்டம்பர்லயே கிடைச்சாச்சு. டியூக் அவங்க ஊருக்குப் போய் ஆடினாங்க, தோத்தாங்க. அந்த மேட்ச்சே நடந்திருக்காட்டா இன்னிக்கு அனுமானத்தை வச்சு அடிச்சுக்கிட்டு இருந்திருப்போம்.

---

ஆஸ்டின் அருள் | ஜனவரி 26, மதியம் 12:30

2026-லிருந்து எஸ்இசியும் ஒன்பது கான்ஃபரன்ஸ் மேட்ச். அதோட வருஷத்துக்கு ஒரு பெரிய கான்ஃபரன்ஸ் எதிராளியாவது வெளியிலிருந்து வேணும்னு விதி. ராஜாவோட பழைய குறை தீருது. ஆனா எனக்கு ஒரு பயம் இருக்கு. ஒன்பது போனா மிச்சம் மூணு. ஒண்ணு விதிக்காக, மத்த ரெண்டும் எளிசா இருக்கட்டும்னு நினைப்பாங்க. பிரியா சொல்ற நடுத்தர டீம், அதாவது நம்மளைத் தோக்கடிக்கக் கூடியவங்க, ஆனா ஜெயிச்சா நமக்குப் பேர் தராதவங்க, அவங்களுக்கு யார் போன் பண்ணுவாங்க?

---

சவுத் பெண்ட் செல்வி | ஜனவரி 26, மாலை 6:45

எங்களுக்குப் போனது அதை விடப் பெரிசு. யூஎஸ்சி மேட்ச். 1926-ல தொடங்கினது. போரும் 2020-ம் தவிர நிக்காம நடந்தது. பிக் டென் ஷெட்யூல் கடினமா இருக்கு, சீசன் தொடக்கத்துலயே ஆடிடலாம்னு யூஎஸ்சி விரும்பினாங்க, பேச்சு ஒத்துவரலை. டிசம்பர்ல நின்னுபோச்சு. 2026-ல எங்களுக்கு பிஒய்யூ. நல்ல டீம்தான், குறை சொல்ல ஒண்ணுமில்லை.

அக்டோபர் 18 ராத்திரி மழை கொட்டினது. 34-24-னு ஜெயிச்சோம். எனக்குப் பின்னாடி ஒரு தாத்தாவும் பேத்தியும் ஒரே பிளாஸ்டிக் கோட்டுக்குள்ள. அவர் சின்னப் பையனா தன் அப்பாவோட வந்து பார்த்த யூஎஸ்சி மேட்ச்களை அந்தப் பொண்ணுக்கு வருஷவாரியாச் சொல்லிக்கிட்டே இருந்தார். அடுத்த முறை இவங்க இங்க வரும்போது உனக்குப் பத்து வயசு ஆயிருக்கும்னார். அப்போ எங்க யாருக்கும் தெரியாது.

பிளேஆஃப் வாய்ப்பு கூடுமா குறையுமான்னு எல்லாரும் கணக்குப் போட்டோம், நானும் போட்டேன். அந்த மேட்ச்சை எந்தக் கட்டத்துல எழுதறதுன்னு எனக்குத் தெரியலை.

---

கொலம்பஸ் குமரன் | ஜனவரி 26, இரவு 8:10

செல்வி, இதைப் படிச்சுட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோணலை.

எங்க டெக்ஸஸ் ஒப்பந்தத்தோட மறுபாதி 2026 செப்டம்பர் 12, ஆஸ்டின்ல. நாங்க போகணும். தோத்து, அதனாலேயே டிசம்பர்ல வெளியே நின்னாலும் நின்னுட்டுப் போகட்டும், இந்த மேட்ச் நடக்கணும். அருள், ஊர்ல இருப்பீங்களா?

---

ஆஸ்டின் அருள் | ஜனவரி 26, இரவு 8:22

இருப்பேன். ஸ்டேடியத்துக்கு நடந்து போற தூரம்தான் வீடு. ஹோட்டல் எதுவும் பார்க்காதீங்க. செப்டம்பர் வெயில் இங்க கடுமையா இருக்கும், தொப்பி மட்டும் எடுத்துட்டு வாங்க.

---

புதுசு நவீன் | ஜனவரி 26, இரவு 8:31

அருள் அண்ணா, ஹூஸ்டன்லதான் இருக்கேன். நானும் வரலாமா?

---

ஆஸ்டின் அருள் | ஜனவரி 26, இரவு 8:33

வா தம்பி. ஆனா எங்க டீமோட ஆரஞ்சு சட்டை போட்டுட்டு வரணும்.